நாடக ஆடிஷனுக்கு முதல் ரெஸ்யூமே: புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சென்னை, புதுச்சேரி, மதுரை, கோவைப் பக்கம் நவீன நாடகக் குழுக்களிலும் சபா நாடகக் குழுக்களிலும் நடிக்க ஆசைப்படுகிறவர்கள் ஆடிஷனுக்கு முந்தைய வாரம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

நேரா போய் நடிச்சுக் காட்டினா போதாதா? ரெஸ்யூமே எதுக்கு?

முடிவு செய்வது நடிப்புதான். ஆனால் நடித்துக் காட்ட உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். எந்தப் பாத்திரத்துக்கு யார் என்று இயக்குநர் உட்கார்ந்து யோசிப்பது அன்றிரவோ மறுநாளோ, நீங்கள் அங்கே இல்லாதபோது. "குரல் கணீர்னு இருந்துச்சே, அந்தப் பையன் பேரு என்ன?" என்று மேசையில் கிடக்கும் தாள்களைப் புரட்டுவார். அப்போது உங்களுக்காகப் பேச அந்தத் தாளை விட்டால் வேறெதுவும் இல்லை.

அதில் அவர் தேடுவது மூன்று விஷயம்: இவருக்கு என்னென்ன வரும், ஒத்திகைக்கு எப்போது வர முடியும், எழுதியிருப்பதை நம்பலாமா. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றியே வரும்.

வேலைக்கு அனுப்புற பயோடேட்டாவையே அனுப்பிடலாமா?

வேண்டாம். அதில் இருப்பவற்றில் பாதி இங்கே பயன்படாது. தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, பத்தாம் வகுப்பு மதிப்பெண், "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற கடைசி வரி, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்று தொடங்கும் குறிக்கோள் பத்தியும் வேண்டாம். ஆடிஷனுக்கு வரும் எல்லோருடைய குறிக்கோளும் நடிப்பதுதான்.

படிப்பு ஒரு வரி, பார்க்கும் வேலை ஒரு வரி போதும். வேலையைக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஷிப்ட் வேலையா, பகல் வேலையா என்பதை வைத்துத்தான் ஒத்திகை நேரம் சரிப்படுமா என்று பார்ப்பார்கள்.

சரி, ஒரு பக்கத்துல என்னென்ன வரணும்? எந்த வரிசையில?

ஏ4 தாளில் ஒரே பக்கம். மேலே பெயர், பெரிய எழுத்தில். அதன் கீழே கைப்பேசி எண், மின்னஞ்சல், இருக்கும் பகுதி. 'தாம்பரம், சென்னை' என்ற அளவில் பகுதி போதும். கதவு எண் வேண்டாம். வலது மூலையில் சிறிய முகப்படம். அடுத்து ஒரே வரியில் உயரம், ஏற்கக்கூடிய வயது வரம்பு, மொழிகள். அதன் பிறகு மேடை அனுபவம், பயிற்சி, திறன்கள், கடைசியாக ஒத்திகைக்கு வரக்கூடிய நேரம்.

மேடை அனுபவம் ஒன்றிரண்டுதான் என்றால் பயிற்சியையும் திறன்களையும் அதற்கு மேலே கொண்டுவாருங்கள். எது கனமாக இருக்கிறதோ அது முதலில் வர வேண்டும். பக்கம் முழுக்க நிரம்பவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கீழே கால் பக்கம் வெறுமையாக இருந்தால் இயக்குநர் அங்கே குறிப்பெழுதிக்கொள்வார்.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரிகளை அப்படியே எடுத்து நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். 8×10 அங்குலப் படத்தின் பின்பக்கம் ஒட்டும் அளவுக்குத் தாளை வெட்டுவது, கண்ணின் நிறம், முடியின் நிறம், நடிகர் சங்க உறுப்பினர் நிலை, முகவர் பெயர் எல்லாம் அந்த ஊர் வழக்கம். நம் ஊர்க் குழுக்கள் இவற்றைக் கேட்பதில்லை.

மேடையே ஏறினது இல்ல. அனுபவம்னு என்னத்த எழுதுறது?

இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு விதத்தில் மேடை ஏறியவர்கள்தான். அதை அனுபவமாக எண்ணிப் பார்த்ததில்லை. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் போட்ட வீதி நாடகம், தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் நாடகம், புனித வெள்ளிக்குப் போட்ட பாஸ்கா நாடகம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கலைப்பயணம், ஊர்த் திருவிழாவில் கட்டிய வேடம், அலுவலக ஆண்டு விழாவில் போட்ட நாடகம், பட்டிமன்றம், வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டு. இவை எல்லாமே மக்கள் முன்னால் நின்று குரல் கொடுத்த அனுபவம். 'மேடை அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் தாராளமாக வரலாம்.

எழுதும்போது என்ன, எங்கே, எத்தனை முறை என்ற மூன்றும் இருக்கட்டும். 'கல்லூரியில் பல நாடகங்களில் நடித்துள்ளேன்' என்று எழுதினால் படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது. 'வீதி நாடகம், 4 ஊர்களில் 4 முறை, ஒலிபெருக்கி இல்லாமல்' என்று எழுதினால் உங்கள் குரல் திறந்த வெளியில் எட்டும் என்பது இயக்குநருக்குத் தெரிந்துவிடும். கடைசி இரண்டு சொல்லுக்கு இருக்கும் மதிப்பு வேறு.

உண்மையிலேயே எதுவும் இல்லையென்றால் அந்தத் தலைப்பையே விட்டுவிடுங்கள். 'அனுபவம்: இல்லை' என்று எழுத வேண்டியதில்லை. பயிற்சி, திறன்கள், நேரம் என்று மூன்று பகுதியோடு கொடுங்கள். புதியவர்களுக்கென்றே அறிவிக்கும் ஆடிஷன்களில் இதைக் குறையாகப் பார்ப்பதில்லை.

ஆறாம் வகுப்புல கட்டபொம்மனா நடிச்சேன். அதைப் போடலாமா?

இப்போது பள்ளியிலோ கல்லூரி முதல் ஆண்டிலோ இருந்தால் போடலாம். அதற்கு மேல் என்றால் பள்ளி நாடகங்களை ஒரே வரியில் அடக்குங்கள்: 'பள்ளி ஆண்டு விழா நாடகங்கள், 2014–2018'. பள்ளிக்கு வெளியே மூன்று நாடகம் சேர்ந்ததும் அந்த வரியையும் எடுத்துவிடலாம்.

நடிக்கல, லைட் பிடிச்சேன், பொருள் எடுத்துக் கொடுத்தேன். அதைப் போட்டா அந்த வேலைக்கே இழுத்துக்குவாங்களோ?

இந்தப் பயம் சரியானதே. ஒளி, ஒலி, மேடைப் பொருள் பார்க்க ஆள் கிடைப்பது நடிகர் கிடைப்பதைவிடக் கடினம் என்பதால் சில குழுக்கள் அப்படி இழுக்கவும் செய்யும். இருந்தாலும் போடுங்கள். இருட்டில் சத்தமில்லாமல் அரங்கப் பொருளை மாற்றத் தெரிந்தவருக்கு ஒத்திகை ஒழுங்கு கற்றுத்தர வேண்டியதில்லை என்பது இயக்குநருக்குத் தெரியும்.

'மேடை அனுபவம்' என்பதற்குக் கீழே 'மேடைக்குப் பின்னால்' என்று தனியாக இரண்டு வரி கொடுங்கள். எந்த வேலைக்கு வருகிறீர்கள் என்பதைப் பெயருக்குக் கீழேயே 'நடிகர்' என்று எழுதித் தெளிவாக்கிவிடுங்கள்.

நாடகப் பேரு, வேஷம், டைரக்டர் பேரு எல்லாம் எப்படி வரிசைப்படுத்துறது?

ஆண்டு, நாடகம், பாத்திரம், குழுவும் இயக்குநரும் என்று நான்கு பத்தி. புதியது மேலே, பழையது கீழே. பாத்திரத்தின் பெயர் மட்டும் போதாது. 'முருகேசன்' என்றால் படிப்பவருக்கு என்ன புரியும்? 'முருகேசன், ஊராட்சித் தலைவர், 55 வயது' என்று எழுதினால் உங்கள் வயதுக்கு மீறிய பாத்திரத்தைச் சுமந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். ஒரே நாடகத்தில் மூன்று வேடம் போட்டிருந்தால் மூன்றையும் எழுதுங்கள். கோரஸில் நின்றிருந்தால் 'கோரஸ்' என்றே எழுதுங்கள். நவீன நாடகத்தில் கோரஸ்தான் பாடும், ஆடும், சுவராகவும் மரமாகவும் நிற்கும். அந்தச் சொல் யாருக்கும் இளப்பமாகத் தெரியாது.

மூன்று வரி மாதிரிக்கு:

2025 | வீதி நாடகம், குடிநீர்ப் பாதுகாப்பு | ஊராட்சித் தலைவர், 55 வயது | கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம், 4 நிகழ்ச்சிகள்

2024 | தெருக்கூத்துப் பயிலரங்கின் நிறைவு நிகழ்ச்சி | கட்டியங்காரன் | 10 நாள் பயிலரங்கு, ஆசிரியர் பெயர்

2023 | கல்லூரிகளுக்கு இடையிலான நாடகப் போட்டி | கோரஸ், பறை | கல்லூரி நாடகக் குழு, மாணவர் இயக்கம்

பயிற்சினு எதைச் சொல்லலாம்? நான் போனது ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்தான்.

இரண்டு நாளும் பயிற்சிதான். ஆனால் இரண்டு நாள் என்று எழுதுங்கள். சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, ஆரோவில் பக்கம் இருக்கும் ஆதிசக்தி, செய்யாறு பக்கத்துப் புரிசையின் கூத்துப் பரம்பரை என்று ஒவ்வொரு இடத்துப் பயிற்சிக்கும் ஒரு சாயல் உண்டு. இடத்தின் பெயரைப் பார்த்ததுமே உங்கள் உடலும் குரலும் எப்படிப் பழகியிருக்கும் என்று இயக்குநர் ஓரளவு ஊகித்துக்கொள்வார். நாள் கணக்கை எழுதாமல் இடத்தின் பெயரை மட்டும் போட்டால் அவர் நீண்ட பயிற்சி என்று நினைத்துக்கொள்வார். ஆடிஷனில் கொடுக்கும் முதல் உடற்பயிற்சியிலேயே அந்த எண்ணம் உடைந்துவிடும்.

எத்தனை நாள், எதில், யாரிடம். 'குரல், மூச்சுப் பயிற்சி, 2 நாள்' என்று எழுதினால் நிறைவாக இருக்கும்.

பாட்டு, டான்ஸ், சிலம்பம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். எல்லாத்தையும் அடுக்கிடலாமா?

கூப்பிட்டு "இப்போது செய்து காட்டுங்கள்" என்றால் உடனே செய்ய முடிகிறவற்றை மட்டும் எழுதுங்கள். திறன்கள் பகுதியில் இருப்பதைத்தான் ஆடிஷனில் அதிகம் சோதிக்கிறார்கள். சிலம்பம் என்று எழுதியிருந்தால் மூலையில் இருக்கும் கம்பை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். பள்ளியில் ஒரு மாதம் கற்று மறந்துபோன கம்பு வீச்சு அந்த இடத்தில் உங்கள் மற்ற வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

எழுதுகிறவற்றுக்கு அளவு கொடுங்கள். 'பரதநாட்டியம்' என்பதைவிட 'பரதநாட்டியம், அலாரிப்பு வரை' மேல். 'சிலம்பம், ஒற்றைக் கம்பு வீச்சு, 2 ஆண்டு' என்றும், 'பறை, நின்று ஆடியபடி அடிக்க வரும்' என்றும் எழுதுங்கள். 'நடனம்', 'இசை' என்று பொதுவாக விட்டால் அது எதையும் சொல்லாது.

பாடுவீர்கள் என்றால் உங்கள் சுருதியை, அதாவது குரல் இயல்பாக நிற்கும் உயரத்தை, 'கட்டை' கணக்கில் எழுதுவது பெரிய உதவி. ஆண் குரல் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டையிலும் பெண் குரல் 5 முதல் 6 கட்டையிலும் நிற்கும். உங்களுக்கு எது என்று தெரியாவிட்டால் கைப்பேசியில் ஒரு சுருதிப் பெட்டிச் செயலியை இறக்கி, கீழ்ப் பஞ்சமத்திலிருந்து ('ப' சுரம்) மேல் பஞ்சமம் வரை தொண்டை இறுகாமல் பாட முடிகிற கட்டையைக் கண்டுபிடியுங்கள். 'மெல்லிசை, நாட்டுப்புறப் பாடல், 1½ கட்டை' என்று இருந்தால், பாட்டமைப்பவர் அன்றைக்கே உங்களை எந்தப் பாட்டில் சேர்ப்பது என்று குறித்துக்கொள்வார். சங்கீதம் கற்காதவர் 'சேர்ந்து பாடும்போது சுருதி விலகாது' என்று எழுதலாம். அது உண்மையாக இருந்தால் கோரஸுக்கு அதுவே போதும்.

சைக்கிள் ஓட்டுவது, நீச்சல், மரம் ஏறுவது, களை பறிப்பது, தறி நெய்வது போன்றவற்றை விட்டுவிடாதீர்கள். கையில் உண்மையான வேலைப் பழக்கம் உள்ள உடல் மேடையில் வேறு மாதிரித் தெரியும். நாடகத்துக்கு அது தேவைப்படும்போது தேடினால் ஆள் கிடைக்காது.

உயரம், எடை, வயசு, கலர் எல்லாம் போடணுமா?

உயரம் கட்டாயம். செருப்பில்லாமல் சுவரோடு நின்று அளந்து, சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஜோடி சேர்க்கவும் உடை தைக்கவும் அது தேவை. எடை வேண்டாம். தோல் நிறத்தை எழுதவே கூடாது. கேட்டாலும் எழுத வேண்டியதில்லை. உங்கள் முகத்தைப் படத்திலும் நேரிலும் பார்க்கத்தானே போகிறார்கள்.

வயதைவிட ஏற்கக்கூடிய வயது வரம்பு முக்கியம். உங்களுக்கு 23 என்றால் மேடையில் 17 முதல் 30 வரை நம்பும்படி நிற்க முடியலாம். இதை நீங்களே முடிவு செய்யாமல், உங்களை முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் "எனக்கு என்ன வயது சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். 15 ஆண்டுக்கு மேல் அகலமான வரம்பு கொடுத்தால் நம்ப மாட்டார்கள். 18 நிறையாதவர்கள் சரியான வயதைப் போட்டு, பெற்றோரின் எண்ணையும் சேர்க்க வேண்டும்.

எனக்கு திருநெல்வேலித் தமிழ்தான் வரும். குறைனு நெனச்சுடுவாங்களா?

அதை மொழிகள் வரியில் எழுதுங்கள்: 'தமிழ், நெல்லை வழக்கு இயல்பாக, பொதுத்தமிழ் பேசப் பழகியவர்'. கோவை வழக்கு, மதுரை வழக்கு, வட தமிழக வழக்கு, சென்னைப் பேச்சு, யாழ்ப்பாணத் தமிழ் எதுவானாலும் பிறந்து வளர்ந்த வாயில் வருவதை வேறொருவர் ஒரு மாத ஒத்திகையில் கொண்டுவர முடியாது. இரண்டாவது வழக்கு ஒன்றும் வரும் என்றால் அதையும் எழுதலாம். திறன்கள் பற்றிய கேள்வியில் சொன்ன விதி இதற்கும் பொருந்தும்: பேசிக் காட்டச் சொல்வார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் மறைக்கிறார்கள். ஆங்கில வழியில் படித்துத் தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் பலர் இன்று நாடகத்துக்கு வருகிறார்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஆனால் 'தமிழ்: பேச, வாசிக்க, எழுத' என்று எழுதிவிட்டு, கையில் கொடுத்த பிரதியை எழுத்துக்கூட்டி வாசித்தால் நடிப்பே தெரியாமல் போய்விடும். 'தமிழ் பேசுவேன்; வாசிக்கச் சற்று நேரம் வேண்டும்' என்று எழுதியிருந்தால் பகுதியை முன்கூட்டியே தருவார்கள், அல்லது ஒருவர் சொல்ல நீங்கள் வாங்கிப் பேச விடுவார்கள். ஆங்கில நாடகக் குழுவுக்குப் போகும்போது இதே நேர்மை ஆங்கிலத்துக்கும் வேண்டும்.

போட்டோவுக்கு ஸ்டுடியோல போர்ட்ஃபோலியோ எடுக்கணும்னு ஆயிரக்கணக்குல கேட்கிறாங்க. எடுக்கணுமா?

நாடகத்துக்குத் தேவையில்லை. நேரில் பார்க்கும்போது படத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும். முகம் தோள் வரை ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று, ஆக இரண்டு.

காலை 8 மணிக்கோ மாலை 4 மணிக்கோ ஜன்னலுக்கு எதிரே நில்லுங்கள். வெயில் நேராக விழக் கூடாது. வெறும் சுவர் பின்னால் இருக்கட்டும், சுவரிலிருந்து ஓர் அடி எடுத்து முன்னே வந்தால் நிழல் விழாது. வேறொருவர் உங்கள் கண் மட்டத்தில் கைப்பேசியைப் பிடித்து, ஆறேழு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்க வேண்டும். செல்ஃபி கூடாது என்பதற்குக் காரணம், கையெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் முகத்தின் அளவே மாறிப்போகும். ஃபில்டர், கருப்புக் கண்ணாடி, தொப்பி, பளபளக்கும் சட்டை வேண்டாம். தாடி எடுத்தாலோ முடி வெட்டினாலோ புதிதாக எடுத்துவிடுங்கள். இதை மறந்து போகிறவர்கள்தான் அதிகம்.

தமிழ்ல அடிக்கணுமா, இங்கிலீஷ்லயா? தமிழ்ல அனுப்பினா கட்டம் கட்டமா தெரியுதுங்கிறாங்க.

அறிவிப்பு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில். தமிழ் நாடகக் குழுவுக்குத் தமிழில் அனுப்பினால் மகிழ்வார்கள். இரண்டு மொழியிலும் ஒவ்வொரு பக்கம் தயாராக வைத்திருப்பது நல்லது.

கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். யூனிகோடில் அடியுங்கள், லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் எதுவும் சரி. வேர்டு கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக்குங்கள். சில வடிவமைப்புச் செயலிகளில் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நிற்கும், புள்ளி வட்டம் தெரியும். அனுப்புவதற்கு முன் வேறொரு கைப்பேசியில் திறந்து முழுதாக வாசித்துப் பாருங்கள். எழுத்து அளவு 11க்குக் குறையக் கூடாது, வரி இடைவெளி 1.15 இருந்தால் மேலும் கீழும் வரும் கொக்கிகள் ஒன்றோடொன்று முட்டாது.

வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்றாங்க. எப்படி அனுப்புறது?

பிடிஎஃப்-ஐயும் படங்களையும் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். அச்செடுத்தால் முகம் மங்கும். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 'ரெஸ்யூமே புதுசு 2' என்ற பெயரில் பத்துப் பேரிடமிருந்து வந்தால் யாருடையது எது என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கூடவே நான்கு வரி எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். 14ஆம் தேதி ஆடிஷன் அறிவிப்பைப் பார்த்தேன். என் பெயர் ____, வயது 22, தாம்பரத்தில் இருக்கிறேன். வீதி நாடகத்தில் நடித்திருக்கிறேன், பறை அடிப்பேன். வார நாட்களில் மாலை 6.30க்கு மேல், ஞாயிறு முழு நாள் வர முடியும். விவரத் தாளும் இரண்டு படமும் இணைத்துள்ளேன். நன்றி."

'ஹாய்' என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். இரவு 9க்கு மேல் அழைக்காதீர்கள். அச்சுப் பிரதி இரண்டை நேரில் எடுத்துப் போக மறக்காதீர்கள். கைப்பேசியில் அனுப்பியதை யாரும் அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வீடியோவும் கேட்கிறாங்க. அதை ரெஸ்யூமேல எப்படி வைக்கிறது?

ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரே துண்டு, வெட்டி ஒட்டாமல். கைப்பேசியைக் கிடைமட்டமாக வையுங்கள். முதலில் பெயர், உயரம், ஊர் சொல்லி, இரண்டு நொடி நின்று தொடங்குங்கள். பின்னணி இசை வேண்டாம், குரல் கேட்க வேண்டும். யூடியூபில் பட்டியலில் வராதபடி ('Unlisted') ஏற்றி, சுட்டியை ரெஸ்யூமேவில் தொலைபேசி எண்ணுக்குக் கீழே போடுங்கள். கூகுள் டிரைவ் என்றால் 'சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் பலர் அதோடு மூடிவிடுவார்கள்.

குறும்படம், இன்ஸ்டா ரீல்ஸ் போடலாமா?

குறும்படம் 'கேமரா முன்' என்று தனித் தலைப்பில், அதிகம் மூன்று வரி. ரீல்ஸில் பிறர் வசனத்துக்கு வாயசைத்ததை எழுத வேண்டாம். நாடக இயக்குநர் தேடும் குரல் அதில் இல்லை. நீங்களே எழுதிப் பேசிய தனிநடிப்பு என்றால் ஒரு சுட்டி கொடுக்கலாம். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணிக்கை தேவையில்லை.

வேலைக்குப் போறேன், எல்லா நாளும் ரிகர்சலுக்கு வர முடியாது. சொன்னா வாய்ப்பு போயிடுமே?

சொல்லாமல் சேர்ந்து, மூன்றாவது வாரம் வராமல் நின்றால் போவது அந்த வாய்ப்பு மட்டும் இருக்காது. பதினைந்து பேர் நடிக்கும் நாடகத்தில் ஒருவர் வராவிட்டால் அன்றைய காட்சியை ஓட்ட முடியாது. மற்ற பதினான்கு பேரும் வேலை முடித்துப் பேருந்து பிடித்து வந்தவர்கள். அதனால் இந்தப் பகுதியை ரெஸ்யூமேயின் கடைசியில் வைத்தாலும் இயக்குநர்கள் முதலில் வாசிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

'நேரம் ஒத்துவரும்' என்று எழுதாமல் கிழமை, மணி, தேதி கொடுங்கள். 'திங்கள் முதல் வியாழன் மாலை 7–9.30, ஞாயிறு முழு நாள், நவம்பர் 3–18 தேர்வு, வர முடியாது.' சபா நாடகங்கள் மாலை ஒத்திகையில்தான் ஓடுகின்றன, வேலைக்குப் போகிறவர்கள்தான் அவற்றின் பெரும்பகுதி நடிகர்கள். ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் கோடை நாடக விழாக்களுக்கு ஒத்திகை சில மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கூட்டிப் போட்டா என்ன? எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?

தமிழ் நாடக உலகம் சின்னது. ஒரு குழுவின் ஒளியமைப்பாளர் இன்னொரு குழுவின் நடிகர். நீங்கள் எழுதிய இயக்குநரின் பெயரைப் பார்த்ததும் அங்கேயே அவருக்குப் போன் போடுவார்கள். கோரஸில் நின்றதை 'முக்கியப் பாத்திரம்' என்று எழுதியது தெரிந்தால், பாத்திரம் சின்னது என்பதற்காக இல்லை, சொன்னது பொய் என்பதற்காக விலக்குவார்கள். ஒத்திகையில் கீழே விழுபவரைப் பிடிக்க வேண்டிய கை உங்களுடையது. உங்கள் சொல்லை நம்ப முடியாவிட்டால் அதையும் நம்ப முடியாது என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஒரு குழுவுல மனஸ்தாபம் ஆகி பாதியில வந்துட்டேன். அதை எழுதணுமா?

மேடையேறும் முன்பே விலகிவிட்டால் அந்த நாடகத்தை நடித்ததாக எழுதக் கூடாது. சில நிகழ்ச்சிகள் நடித்த பிறகு விலகியிருந்தால் அந்த எண்ணிக்கையோடு எழுதலாம். விலகிய காரணம் ரெஸ்யூமேவில் வேண்டாம். நேரில் கேட்டால் "நேரம் ஒத்துவரவில்லை", "வேலைமுறை எனக்குச் சரிப்படவில்லை" என்று உண்மை எதுவோ அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். யாரையும் பழிக்க வேண்டாம். ஏன் என்பதற்கு மேலே சொன்ன 'சின்ன உலகம்' பதிலே போதும். அங்கே உங்களுக்குத் தவறாக ஏதேனும் நடந்திருந்தால் அதை நம்பிக்கையானவரிடமும் உரிய இடத்திலும் சொல்லுங்கள். ஆடிஷன் அறையில் விளக்கம் தரும் கடமை உங்களுக்கு இல்லை.

தெருக்கூத்து ஜமாவுலயும் ஸ்பெஷல் நாடகத்துலயும் சேரணும்னா இதே தாள்தானா?

இல்லை. கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வாத்தியாரிடம் போய் நின்று, திரைக்குப் பின்னால் பின்பாட்டுப் பாடி, அடவு பிடித்து, சின்ன வேடத்திலிருந்து மேலே வருவார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவது நாடக நடிகர் சங்கங்கள் வழியாகவும் ஏற்பாட்டாளர்கள் வழியாகவும் நடக்கிறது. படத்தோடு அச்சாகும் நோட்டீஸ்தான் அங்கே நடிகரை ஊருக்கு அறிமுகப்படுத்துகிறது. ஆனால் அங்கே நடித்த அனுபவத்தை நவீன நாடகக் குழுவுக்கு எழுதும்போது முதல் வரியாகப் போடுங்கள். விடிய விடியக் குரல் தாங்கி நின்றவர் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

தேசிய நாடகப் பள்ளிக்கும் இதையே அனுப்பலாமா?

அங்கே அவர்களுடைய விண்ணப்பப் படிவம்தான். 1959இல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு, குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்பு, இந்தி ஆங்கிலப் பழக்கம் ஆகியவற்றைத் தகுதியாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பை வாசித்து வயது வரம்போடு சரிபாருங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் நாடகப் படிப்புகளுக்கும் தனித்தனி நடைமுறை உண்டு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: நடித்தது உண்மை, சான்று இல்லை. முதல் நாடகத்திலிருந்தே ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். உங்கள் பெயர் அச்சான அழைப்பிதழ், நோட்டீஸ், நாளிதழ்த் துணுக்கு, சான்றிதழ், தேதி தெரியும் மேடைப் படம். பெயர் அச்சாகாத வீதி நாடகத்துக்கு அந்த வாரமே ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். மூன்று ஆண்டு கழித்துக் கேட்டால் அவர் எந்த ஊரில் இருப்பாரோ.

ஆடிஷனுக்குப் பதிவுக் கட்டணம், ஆதார் நகல் கேட்கிறாங்க. கொடுக்கலாமா?

நாடகக் குழு நடிகரைத் தேர்வு செய்யப் பணம் கேட்பதில்லை. பயிலரங்குக்குக் கட்டணம் உண்டு, கல்வி நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு, அவை வேறு. 'ஆடிஷன்' என்று கூப்பிட்டுப் பதிவுக்கும் படம் எடுக்கவும் பணம் கேட்டால் போகாதீர்கள். ஆதார், வங்கி விவரம் தேர்வாகிப் பயணச்சீட்டோ சம்பளமோ பேசும்போதுதான் தேவைப்படும். இடம் தனி வீடாகவோ விடுதி அறையாகவோ இருந்தால் குழுவின் முந்தைய நாடகத்தில் நடித்த ஒருவரிடம் விசாரியுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போவதில் தயக்கம் வேண்டாம்.

அனுப்பி ஒரு மாசம் ஆச்சு, பதிலே இல்ல. திரும்ப அனுப்பலாமா?

அறிவிப்பில் சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் இந்த நாடகத்தில் இடமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாடகத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. இடையில் அவர்களுடைய நாடகத்தைப் போய்ப் பாருங்கள். எந்த மாதிரிக் குரலையும் உடலையும் தேடுகிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நாடகம் முடிந்த வாரமும் ஒரு வரி சேர்த்து, கோப்பின் பெயரில் மாதமும் ஆண்டும் போட்டு வையுங்கள். பழைய பிடிஎஃப்-ஐக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுங்கள், அவசரத்தில் விரல் அதன்மேல்தான் போகும்.